வாலுப் பிள்ளைகளின் டீச்சர்

(புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பெற்றோரும் மழலையர் வகுப்பு ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்களும் தாத்தாக்களும் இன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். "டீச்சர், இவன் ரொம்ப வாலு. கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க." சொல்லும்போது அவர் கை பிள்ளையின் தலையில் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். தோலை உரிக்கச் சொல்கிற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. பிள்ளையை உங்களிடம் முழுசாக ஒப்படைக்கிறேன் என்பதைத்தான் அவர் தாத்தா சொன்ன அதே பாஷையில் சொல்கிறார். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அதன் காதில் விழும் முதல் செய்தியே, தான் அங்கே ஒரு தொந்தரவு என்பதுதான்.

அந்தப் பிள்ளையைப் பற்றியும், அதன்மேல் ஒரு டீச்சருக்கு எப்படிப் பிரியம் உண்டாகிறது என்பதைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன். "உங்களுக்கு ரொம்பப் பொறுமை டீச்சர், அது கடவுள் கொடுத்த வரம்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்பாகச் சொல்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் என் எண்ணம் வேறு. துள்ளுகிற பிள்ளையை நேசிப்பது ஒரு வேலை, கற்றுக்கொண்டு செய்கிற வேலை. அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மனசுக்காரியும் பதினோரு மணிக்குள் கத்த ஆரம்பித்துவிடுவாள்.

இதை மேட்டுப்பாளையத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையும் மஞ்சள் சுவர் வீதிகளும்தான் நினைவுக்கு வரும். உழவர்கரை நகராட்சிப் பக்கம் இப்படி ஒரு தொழிற்பேட்டை இருப்பதும், வரிசையாக லாரிகள் நிற்கும் முனையம் இருப்பதும், மூன்று ஷிப்டு மணியில் ஓடும் குடும்பங்கள் இருப்பதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இங்கே எத்தனையோ வீடுகள் ஒரே அறைதான். அப்பா இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்து படுப்பார். அம்மா வேலைக்குக் கிளம்புவார். பிள்ளைக்கு விழித்த நிமிஷத்திலிருந்து வீட்டில் கிடைப்பது ஒரே கட்டளை: "சத்தம் போடாத, அப்பா தூங்கறாரு." வாசலுக்கு ஓடினால் தெருவில் டெம்போ வரும். உள்ளே வந்தால் பாத்திரம் தட்டும். கையில் போனைக் கொடுத்து உட்கார வைப்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரிவதில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு அறை வீட்டில் தூங்குகிறவருக்கும் துள்ளுகிறவருக்கும் சேர்ந்து இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படி விடிகாலையிலிருந்து வாயையும் காலையும் கட்டிப்போட்ட பிள்ளை ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் நுழைகிறது. இங்கே யாரும் தூங்கவில்லை. அறை அகலமாக இருக்கிறது. தன் வயசுப் பிள்ளைகள் இருபது பேர் இருக்கிறார்கள். அது ஓடாமல் என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது அது. திரை முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. குறையக் குறைய நல்லது. மூன்று மணி நேர விளையாட்டு! நம்மில் பலர் மூன்று மணி நேர அடக்கத்தைத்தான் நல்ல எல்கேஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்காரும் வகுப்பைப் பார்த்தால் "நல்ல கன்ட்ரோல்" என்று பாராட்டுகிறோம். எழுதக் கொடுக்கிறோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருக்காது, மற்றவை இன்னும் குருத்துதான். அந்தக் கையில் பென்சிலைச் செருகி நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் நிரப்பச் சொன்னால், புத்தியுள்ள பிள்ளை எழுந்துதான் ஓடும். சேட்டை என்று நாம் பெயர் வைப்பதில் பாதிக்கு மேல் அந்த வயது உடம்பின் நியாயமான தேவை.

நம் முன்னோர் இதை அழகாக அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 188ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. அதில் வரும் குழந்தை அடக்கமான குழந்தை இல்லை. தளர்நடை போட்டு வந்து, கையை நீட்டி, சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை. அப்படிப்பட்ட பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்று அரசனே பாடுகிறான். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைப் பாருங்கள்: சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைப்பது, பறையைக் கொட்டி ஊரைக் கூட்டுவது, தேரை இழுத்துக்கொண்டு ஓடுவது. இன்றைய எல்கேஜி வகுப்பில் இந்த மூன்றையும் செய்கிற பையனின் டைரியில் சிவப்பு மையில் குறிப்பு எழுதப்படும். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்தப் புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். தன் பெண்கள் இங்கே வளர்வதைப் பார்த்தவர் அவர். அவருடைய பாப்பாப் பாட்டில் பாப்பாவுக்குச் சொல்லும் முதல் வேலை எது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். படிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை எல்லாம் பெற்றவர்கள் பார்வையில் பாடியவை. தன் பிள்ளை சோற்றைப் பூசிக்கொண்டால் இனிக்கும். அடுத்தவர் பிள்ளைகள் இருபத்தைந்து பேர் ஒரே நேரத்தில் பூசிக்கொண்டால்? டீச்சரின் பிரியத்தைத் தாய்ப்பாசம் என்று சொல்லிப் பூரிப்பது எனக்கு ஒப்பாது. தாய்க்கு அது தானாக ஊறும். டீச்சருக்கு ஜூன் மாதம் அறிமுகமே இல்லாத ஒரு பிள்ளை வந்து நிற்கும், முதல் வாரத்திலேயே அவள் கையைக் கடிக்கும். அங்கிருந்துதான் அவள் தொடங்க வேண்டும். நம் சங்கப் பாட்டில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியவள் செவிலித்தாய். பெற்றவள் இல்லை, வளர்த்தவள். அகப்பாட்டில் மகளைத் தேடி வெயிலில் சுரத்து வழியே நடப்பவள் அவள்தான். கூட இருந்து, பார்த்துப் பார்த்துச் செய்ததால் வந்த பாசம் அவளுடையது.

பார்ப்பது என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு பையன். நான்கு வயது ஆகப்போகிறது. அவனைப் பற்றி வகுப்பில் தினமும் புகார். "மிஸ், அவன் முதுகுல அடிக்கிறான்." ஒரு பிள்ளை இல்லை, எல்லாப் பிள்ளையும் அதையே சொல்லும். ஆயா சொல்வார், இது அடங்காது டீச்சர், தனியா உக்கார வைங்க என்று. சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டு வகுப்பையே சுற்றி வருவான். தட்டு ஸ்டியரிங் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடி மட்டும் புரியவில்லை. கோபத்தில் அடிக்கிற பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும். இவன் முகத்தில் கோபமே இல்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்து அவனை மட்டும் பார்த்தேன். நான்கு பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். இவன் கடைசிப் பிள்ளையின் பின்னால் போய் நின்றான். கையை ஆட்டி, "வா, வா, வா, வரட்டும், ஒடி, ஒடி" என்றான். பிறகு அந்தப் பிள்ளையின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "டப், டப். ரைட்." உடனே முன்னால் ஓடினான்.

லாரி முனையத்துப் பக்கம் நடந்து போகிற யாருக்கும் தெரியும் அது என்னவென்று. பின்னால் எடுக்கிற லாரிக்குக் கிளீனர் வழி சொல்லி, பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். நின்றுவிடு, அல்லது கிளம்பு என்று அர்த்தம். இந்தப் பையன் யாரையும் அடிக்கவே இல்லை. அவன் அப்பாவின் உலகத்தை எங்கள் வகுப்புக்குள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். முன்னால் இருந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் லாரி என்பது தெரியாது, அதுதான் பிரச்சினை.

அடுத்த நாள் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் கொடுத்தேன். நாற்காலிகளை லாரியாக்கினோம். தட்டுவதென்றால் நாற்காலி முதுகில்தான் தட்ட வேண்டும் என்று சட்டம் போட்டோம். அவனைக் கிளீனராக்கினேன். ஒரு வாரத்தில் வகுப்பே லாரி ஓட்டியது. வலது, இடது, முன்னால், பின்னால், மெதுவாக, நிறுத்து என்ற எல்லாச் சொல்லையும் அவன்தான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். ஏழு லாரி வந்து இரண்டு லாரி போனால் எத்தனை நிற்கும் என்று அவனே எண்ணிச் சொன்னான். அதற்கப்புறம் அவனைப் பிடிக்காமல் போவது எப்படி? அன்றைக்கு அந்த மூலையில் உட்கார எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் அவன் ஆண்டு முழுக்க "அடிக்கிற பையன்" என்றே இருந்திருப்பான். என்னாலும் அவனிடம் பிரியமாக இருக்க முடிந்திருக்காது.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் குழந்தை. கடிக்கும். நன்றாகவே கடிக்கும், பல் பதியும். கடிபட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் சண்டைக்கு நிற்பார்கள், அவர்கள் கோபமும் நியாயம்தான். மூன்று வயதுப் பிள்ளை கடிப்பது பெரும்பாலும் சொல் இல்லாத குறையால். இவளிடம் சொல் நிறைய இருந்தது, எல்லாம் ஒடியாவில் இருந்தது. "அது என்னோடது", "தள்ளு", "எனக்கும் கொடு" என்கிற மூன்றும் தமிழில் வராது. அந்த மூன்றைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தோம். அவள் அம்மாவிடம் கேட்டு அதே மூன்றை நாங்களும் ஒடியாவில் கற்றுக்கொண்டோம். வகுப்பே அதைப் பாட்டாகப் பாடியது. கடி நிற்கச் சில வாரங்கள் ஆயின. நின்ற பிறகு பார்த்தால், வகுப்பிலேயே அதிகமாகப் பேசுகிற பிள்ளை அவள்தான்.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் சுலபமாகத் தோன்றும். சுலபம் இல்லை. ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளையையும் பிடிக்கும் என்று சொல்கிற டீச்சரை நான் நம்பமாட்டேன். எரிச்சல் வரும். தலைவலியோடு வந்த நாளில் யார் டம்ளரைத் தட்டிவிட்டாலும் குரல் உயரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வாலுப் பிள்ளை நம் கோபத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் நம் செல்லத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயரை அன்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கமாட்டோம். என்னோடு இந்த வேலையைச் செய்கிற தங்கைகளுக்குச் சொல்வேன்: வீட்டுக்குப் போகும் முன் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரிலும் விரல் வைத்து, இன்றைக்கு இதனோடு என்ன பேசினேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராத பெயரை நாளைக்கு முதலில் கூப்பிடுங்கள்.

அடங்காத பிள்ளை என்று ஊரே முத்திரை குத்திய பிள்ளைகளிடமிருந்துதான் மழலையர் கல்வியின் பெரிய பாடங்கள் வந்தன. 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கான காரணம் பலருக்குத் தெரியாது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் படிக்கட்டெல்லாம் ஓடி, சுவரைக் கிறுக்கி, கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிறுவனத்துக்குக் கவலை. சுவரைக் காப்பாற்றத்தான் அந்த அறையைக் கொடுத்தார்கள். ஐம்பது, அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து ஆள் போட்டால் போதும் என்பது அவர்கள் கணக்கு. மாண்டிசோரி மருத்துவர். அவர் உட்கார்ந்து பார்த்தார். கைக்கு ஏற்ற பொருளும், தானே எடுத்துத் தானே வைக்கும் சுதந்திரமும் கிடைத்தபோது, சுவரைக் கிறுக்கிய அதே பிள்ளைகள் ஒரே பொருளில் ஆழ்ந்துபோவதைக் கண்டார். உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்வி முறை அங்கே பிறந்தது. அது தொழிலாளர் குடியிருப்பு என்பதை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் நாம் மறக்கக்கூடாது.

அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பு. போர் தொடங்கிவிட்டதால் இத்தாலியர் என்று ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதற்கு முன்பே குஜராத்தில் கிஜுபாய் பதேகா, மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் என்று நம்மவர்களும் இந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் வாழும் முற்றத்துக்கே போனவர் தாராபாய். இந்த மண்ணை ஆண்ட பிரான்சிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகளைப் படிவரிசையில் உட்கார வைத்து, கட்டையைத் தட்டி எழுப்பி, தட்டி உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. போலின் கெர்கோமார் என்ற பெண் 1881இல் தலைமை ஆய்வாளராகி, ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்தார். விளையாட்டுக்கு வகுப்பில் இடம் கேட்டு வாழ்நாள் முழுக்கப் போராடினார்.

டீச்சருக்கும் வாலுப் பிள்ளைக்கும் உள்ள உறவு எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரிட்ஜெட் ஹாம்ரி, ராபர்ட் பியான்டா என்ற இருவர் 179 பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். மழலையர் வகுப்பில் டீச்சரோடு உரசலாக இருந்த பிள்ளைகளுக்கு அதன் சாயல் படிப்பிலும் நடத்தையிலும் எட்டாம் வகுப்பு வரை தெரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கும், தொடக்கத்திலேயே அதிகம் முரண்டு பிடித்த பிள்ளைகளுக்கும் அது கூடுதலாகத் தெரிந்தது. யாரை நேசிப்பது கஷ்டமோ, அந்தப் பிள்ளைக்குத்தான் டீச்சரின் பிரியம் அதிகம் தேவைப்படுகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அப்படியானால் அந்த டீச்சருக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இன்று நாம் பார்க்கும் அங்கன்வாடிகளின் வேர். அதில் வேலை செய்கிறவர் என்னென்ன செய்கிறார் தெரியுமா? எடை பார்க்க வேண்டும், உயரம் பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மாரைக் கூட்டி வர வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். இதற்கு நடுவில் பிள்ளைகளோடு பாடி ஆட வேண்டும். இவ்வளவையும் செய்கிறவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறார்கள். 2018இல்தான் அதற்கான மத்திய அரசின் நிர்ணயம் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆயிற்று. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு தமிழ்நாட்டுச் செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அலெஹாந்திரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைச் சேர்த்தார்கள். புதுக் கட்டடம் கட்டவில்லை, புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. ஒரு ஆள், அதுவும் அரை நாள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூட அந்த மையங்களில் குறைந்திருந்தன. செலவைவிடப் பலன் 13 மடங்குக்கு மேல் இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நான் பத்து நிமிடம் மூலையில் உட்கார்ந்தேன் என்று சொன்னேனே, அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது? அன்று ஆயா வந்திருந்தார், மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் விடுப்பில் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கிளீனர் பையன் கிடைத்திருக்கவேமாட்டான்.

மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் தேசிய மழலையர் பராமரிப்பு, கல்விக் கொள்கை சொல்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை வேண்டும் என்கிறது. நீங்கள் மாதக் கட்டணம் கட்டும் பள்ளியில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சட்டமும் இந்த வயதைக் கொஞ்சம் கைவிட்டுத்தான் வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2002இல் திருத்திய அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவும் அரசு முயல வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

புதுச்சேரி இதில் முன்னோடியாக இருந்த ஊர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்ற எண்ணம் பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930இல், இங்கே நடைமுறைக்கு வந்தது. காலையில் பாலும் ரொட்டியும் கொடுத்த ஊர் இது. ரொட்டிப் பால் ஊழியர் என்றால் வேறு ஊரில் விளக்கம் சொல்ல வேண்டும், இங்கே வேண்டியதில்லை. வாத்தியாரை மதிக்கத் தெரிந்த ஊரும்தான். பாவேந்தர் பாரதிதாசன் 1909இல் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தவர், 1946இல் ஓய்வு பெறும்வரை வாத்தியார்தான். வில்லியனூரில் பிறந்த வாணிதாசனும் பள்ளி ஆசிரியர். ஆனால் அந்த மரியாதை பெரிய வகுப்பு வாத்தியாருக்குத்தான் போகிறது. மழலையர் வகுப்பில் இருப்பவளைப் பற்றிக் கேட்டால், "அவங்க சும்மா புள்ளைங்கள பாத்துக்கறாங்க" என்கிறோம். அந்த "சும்மா"வுக்குள் நான் இவ்வளவு நேரம் சொன்ன எல்லாமே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் வராவிட்டால் மறுநாள் பள்ளியில் போய்க் கேட்கும் நாம், பால்வாடியில் ஆயா பணியிடம் காலியாக இருந்தால் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள். கவுன்சிலரிடம் கேளுங்கள், எம்எல்ஏவிடம் மனுக் கொடுங்கள், நான்கு பேர் சேர்ந்து போங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி, ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாம் கேட்பார்கள். டீச்சருக்குத் தேவையான செய்தி எதுவும் அதில் இருக்காது. அதனால் நீங்களே அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த வாரம் வீட்டில் இரவு ஷிப்டு, பிள்ளை யார் பக்கத்தில் படுக்கிறது, வீட்டில் என்ன பாஷை, எதற்குப் பயப்படும், எதைப் பார்த்தால் ஓடும், ஊரிலிருந்து பாட்டி வந்து போனாரா, அப்பா லாரி எடுத்துக்கொண்டு எத்தனை நாள் வெளியூர் போயிருக்கிறார். இரவு ஷிப்டு வாரமானால் அன்று காலை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தால், பிள்ளை வந்த உடனே பத்து நிமிடம் திறந்தவெளியில் ஓடவிட்டு அதற்கப்புறம் உட்கார வைப்போம். அதற்குத் திறந்தவெளி இல்லாத பள்ளி என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வியாக அதை எழுப்புங்கள்.